கண்புரை லென்ஸ்: முதலில் இஞ்சி டேப்பை எடுங்கள்

கண் பக்கம்: வாசகர் கேள்விகள், பதில்கள்

புரை ஆபரேஷன் செய்யும்போதே வெள்ளெழுத்தையும் தீர்த்துவிட முடியுமா? எந்த லென்ஸ் வைத்தால் படிக்கும் கண்ணாடி தேவைப்படாது? இந்த இதழுக்கு எடுத்த கேள்விகள் எல்லாமே இதைச் சுற்றித்தான்.

எங்க அய்யனுக்கு 64 வயசு. வலது கண்ணுல புரை. ஆஸ்பத்திரியில ஒரு ரேட் அட்டையைக் குடுத்து, அஞ்சு லென்ஸ், அஞ்சு விலை, ஊட்டுல பேசிட்டு வாங்கன்னு அனுப்பிட்டாங்க. விலை ஏற ஏறப் பார்வையும் நல்லா இருக்குமுங்களா? (வாசகி, பல்லடம்)

அப்படி இல்லீங்க. அந்த அட்டையில் இருக்கும் எந்த லென்ஸும் இன்னொன்றை விட 'அதிகப் பார்வை' தருவதில்லை. ஒவ்வொன்றும் பார்வையை எந்தெந்தத் தூரத்துக்குப் பங்கு பிரிக்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

இளவயதில் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் தேவைக்கேற்பத் தடித்தும் தளர்ந்தும் கிட்டத்தையும் எட்டத்தையும் மாறி மாறிக் காட்டும். நாற்பதைத் தாண்டினால் அது இறுகிப்போகும். பேப்பரைத் தள்ளிப் பிடித்துப் படிக்கிறோமே, அந்த வெள்ளெழுத்து அதனால் வருவது. அதே லென்ஸ் பின்னால் கலங்கினால் புரை. ஆபரேஷனில் கலங்கியதை எடுத்துவிட்டு, அதை மூடியிருந்த மெல்லிய பையை மட்டும் விட்டுவைத்து, அதற்குள் சுமார் 6 மி.மீ. அகலமுள்ள செயற்கை லென்ஸை உட்கார வைக்கிறார்கள். வைத்த லென்ஸ் தடிக்காது, தளராது.

அட்டையில் முதலில் இருப்பது மோனோஃபோக்கல். ஒரே ஒரு தூரத்தைத் தெளிவாகக் காட்டும். பெரும்பாலும் எட்டப் பார்வைக்கு வைப்பார்கள், படிக்க +2.25 அல்லது +2.50 கண்ணாடி வேண்டும். கிடைக்கிற வெளிச்சம் முழுவதும் ஒரே இடத்தில் குவிவதால் மங்கலான நேரத்திலும் இதன் காட்சிதான் பளிச். அதிலேயே நடுப்பகுதியைக் கொஞ்சம் மேம்படுத்திய ஐஹான்ஸ் போன்றவை உண்டு. எட்டம் கெடாமல், கை நீட்டும் தூரமும் ஓரளவு கிடைக்கும், படிப்பதற்குப் போதாது. அடுத்தது எடாஃப். விவிட்டி, சிம்ஃபனி இந்த வகை. எட்டத்திலிருந்து கம்ப்யூட்டர் தூரம் வரை இழுத்துக் கொடுக்கும். பொடி எழுத்துக்குக் கண்ணாடி தேடத்தான் வேண்டும். அதற்கும் அடுத்தது ட்ரைஃபோக்கல். எட்டம், நடு, கிட்டம் மூன்றுக்கும் வெளிச்சத்தைப் பிரித்துக் கொடுக்கும். படிக்கும் கண்ணாடி தேவைப்படாமல் போக அதிக வாய்ப்பு இதில்தான். இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரிவதும் இதில்தான் அதிகம். டோரிக் என்று ஐந்தாவதாகப் போட்டிருந்தால் அது தனி வகையில்லை. மேலே சொன்ன எதிலும் சிலிண்டர் பவரை (கருவிழியின் வளைவு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லாததைச் சரிசெய்யும் பவர்) சேர்த்துச் செய்தது.

ட்ரைஃபோக்கல் என்ற ஒரே பெயரில் விற்றாலும் நடுத்தூரம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பான்ஆப்டிக்ஸ் 60 செ.மீ.-ல் நடுவும் 40 செ.மீ.-ல் கிட்டமும் காட்டும்படி செய்தது. ஏ.டி. லீசா ட்ரை லென்ஸுக்கு நடு 80, கிட்டம் 40. மடிக்கணினியை 55, 60 செ.மீ.-ல் வைத்து வேலை செய்கிறவருக்கும், மேஜைக் கம்ப்யூட்டரைத் தள்ளி வைத்திருப்பவருக்கும் ஒரே லென்ஸ் ஒத்துவராது.

அதனால் விலை அட்டையைப் பார்ப்பதற்கு முன் தையல்காரர் வைத்திருக்கும் இஞ்சி டேப்பை எடுங்கள். அய்யனை அவர் வழக்கமாக உட்காருகிற மாதிரி உட்காரவைத்து, கண்ணின் வெளி ஓரத்திலிருந்து அவர் பார்க்கிற பொருள் வரை இன்னொருவர் அளக்க வேண்டும். பேப்பர், செல்போன், சோத்துத் தட்டு, டிவி, தறியோ மிஷினோ இருந்தால் அது. நாலைந்து தூரத்தை ஒரு சீட்டில் எழுதி, எதில் தினம் எத்தனை மணி நேரம் என்றும் பக்கத்தில் குறித்துக்கொண்டு டாக்டரிடம் கொடுங்கள். "நல்ல லென்ஸா போடுங்க" என்று சொல்வதைவிட அந்தச் சீட்டு பத்து மடங்கு பயன்படும்.

சொந்த லாரி வெச்சு நானே ஓட்டறனுங்க. வயசு 57. பெரும்பாலும் ராத்திரி ஓட்டம். 'ட்ரைஃபோக்கல் போட்டுட்டா கண்ணாடியே வேண்டாம்'னு சொல்றாங்க. போடலாமுங்களா? (வாசகர், சங்ககிரி)

வேண்டாம். இந்தப் பக்கத்தில் இவ்வளவு உறுதியாகச் சொல்கிற பதில் குறைவு.

ட்ரைஃபோக்கல் லென்ஸின் முகப்பில் நுணுக்கமான வட்ட வட்டப் படிகள் இருக்கும். எதிரே வரும் பஸ்ஸின் ஹெட்லைட் அதில் பட்டதும் எட்டப் பங்கு கூர்மையான உருவமாக விழித்திரையில் விழும். கிட்டத்துக்கென ஒதுக்கிய பங்கு அதன்மேலேயே கலங்கலாகப் பரவும். நீங்கள் பார்க்கும் வளையம் அதுதான். பகலிலும் இது நடக்கிறது, ஆனால் தெரியாது. இரவில் சுற்றிலும் இருட்டு, கண்மணியும் விரிந்திருக்கும், வளையம் எடுப்பாகத் தெரியும். பெரும்பாலோருக்கு 3 முதல் 6 மாதத்தில் மூளை பழகிவிடும். ஆனால் அத்தனை நாள் வண்டியை ஷெட்டில் நிறுத்தி வைக்க உங்களால் ஆகாது. வளையம் பழகிப்போனாலும் வெளிச்சம் பிரிந்ததால் குறைந்த கான்ட்ராஸ்ட், அதாவது ஒரு பொருளை அதன் பின்னணியிலிருந்து பிரித்துக் காட்டும் வேறுபாடு, திரும்பி வராது. சாம்பல் ரோட்டில் சாம்பல் பள்ளம், டெயில் லைட் எரியாத டிராக்டர் டிரெய்லர் இவையெல்லாம் கான்ட்ராஸ்டை நம்பித்தான் கண்ணுக்குப் படுகின்றன.

இரண்டு கண்ணுக்கும் எட்டத்துக்கு வைத்த மோனோஃபோக்கல் போதும். மீட்டர் பலகை ஓட்டுநர் கண்ணிலிருந்து ஏறக்குறைய 70, 75 செ.மீ. அதுவும் தெரிய வேண்டுமென்றால் மேம்படுத்திய மோனோஃபோக்கல் கேளுங்கள். பில், செல்போனுக்கு ஒரு படிக்கும் கண்ணாடியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம். ஒரு கண் எட்டம், மறு கண் கிட்டம் என்று யாராவது யோசனை சொன்னால் அதுவும் கனரக வண்டிக்கு ஆகாது. ஆபரேஷனுக்குப் பின் எப்போது ஸ்டீயரிங் பிடிக்கலாம் என்பதை இரண்டு கண்ணையும் சோதித்துவிட்டு டாக்டர் சொல்லட்டும். "நல்லாத்தான் தெரியுது" என்று நாமே கிளம்பக் கூடாது.

நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. சின்ன வயதிலிருந்தே மைனஸ் 4. எட்டத்துக்குக் கண்ணாடி, புத்தகம் என்றால் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படிப்பேன். என் அண்ணிக்கும் இப்படித்தான் இருந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு எட்டம் நன்றாகத் தெரிகிறது, ஆனால் படிக்கவே முடியவில்லை என்று அழுகிறார். எனக்கும் அப்படி ஆகுமா? (வாசகி, கோபிசெட்டிபாளையம்)

நீங்கள் முன்கூட்டியே சொல்லாவிட்டால் ஆகும். அண்ணிக்கு நடந்தது ஆபரேஷன் கோளாறாக இருக்க வேண்டியதில்லை. யாரும் எதுவும் சொல்லாதபோது எட்டப் பார்வை பூஜ்யத்தில் நிற்கும்படி பவர் கணக்குப் போடுவதுதான் வழக்கம். பிறவியிலிருந்து எட்டம் தெரியாதவருக்கு அது வரம் மாதிரி இருக்கும், சாயங்காலம் புத்தகத்தை எடுக்கும்வரை.

கணக்கு எளிது. நூறை மைனஸ் பவரால் வகுத்தால் கண்ணாடி இல்லாமல் தெளிவாகத் தெரியும் தூரம் செ.மீ.-ல் வரும். மைனஸ் 4 என்றால் 25 செ.மீ. இத்தனை வருஷமாக நீங்கள் புத்தகத்தை முகத்துக்கு அருகே பிடித்துப் படித்திருப்பீர்கள். மைனஸ் 2.5 என்றால் 40 செ.மீ., மைனஸ் 2 என்றால் 50, மைனஸ் 1.5 என்றால் 66. ஆகவே சாதாரண மோனோஃபோக்கல் லென்ஸையே மைனஸ் 2.5 வரும்படி வைக்கச் சொல்லலாம். படுத்துக்கொண்டு படிப்பது பழையபடி கண்ணாடி இல்லாமலே நடக்கும். வெளியே போக, டிவி பார்க்க, இப்போது போடுவதைவிட மெல்லிய கண்ணாடி போதும். கண்ணாடி போட்டே பழகிய முகத்துக்கு இது ஒரு குறையே இல்லை. கூடுதல் விலையும் கிடையாது. யாரும் தானாக இதை எடுத்துச் சொல்வதில்லை, கேட்டால்தான் வரும்.

இன்னொன்று. ஒரு கண்ணை மட்டும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து மறு கண் மைனஸ் 4-லேயே நின்றால், இரண்டுக்கும் சேர்த்துக் கண்ணாடி போட முடியாது. உருவம் ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் தெரிந்து தலை சுற்றும். பூஜ்யம்தான் வேண்டுமென்று முடிவு செய்தால் இரண்டாவது கண்ணை நோம்பி கழியட்டும், பேத்தி பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். மைனஸ் பவர்காரர்களுக்கு விழித்திரை ஓரத்தில் மெலிவு இருக்கக்கூடும். ஆபரேஷனுக்கு முன் மருந்து விட்டு அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பனியன் கம்பெனியில ஓவர்லாக் மிஷின். ஊசியில நூல் கோக்கறதே பெரிய பாடா இருக்குது. சுகர் பன்னெண்டு வருஷமா. மூணு தூரமும் தெரியற லென்ஸ் எனக்குப் போடுவாங்களா? (வாசகி, திருப்பூர்)

முதலில் விழித்திரை. சர்க்கரை உள்ளவர்களுக்குப் புரைக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று பார்க்காமல் லென்ஸ் பேச்சே எடுக்கக் கூடாது. ஓ.சி.டி. ஸ்கேன் வலியில்லாதது, சில நிமிட வேலை. விழித்திரையின் நடுப்பகுதியில் நீர் கோத்திருக்கிறதா, படலம் இருக்கிறதா என்று அடுக்கு அடுக்காகக் காட்டிவிடும். அங்கே பழுது இருந்தால் வெளிச்சத்தைப் பிரிக்கிற லென்ஸ் வேண்டவே வேண்டாம். கொஞ்சமாய் உழைக்கிற விழித்திரைக்கு வெளிச்சத்தையும் குறைத்துக் கொடுத்தால் மூன்று தூரமும் மங்கலாகத்தான் தெரியும். நீர்க்கட்டு இருந்தால் அதற்கு மருத்துவம் செய்துவிட்டுப் பிறகுதான் புரை. ஆபரேஷனுக்குப் பிறகும் நீர் கோக்கலாம் என்பதால், ஒரு மாதம் ஒன்றரை மாதத்தில் மறுபடி பார்க்கச் சொன்னால் தவறாமல் போங்கள். கடுமையான கிளாக்கோமா (கண் அழுத்த நோய்), கூம்பு மாதிரி கருவிழி உள்ளவர்களுக்கும் ட்ரைஃபோக்கல் விஷயத்தில் இதே பதில்தான்.

விழித்திரை சுத்தம் என்று வந்தாலும் உங்கள் தூரத்தை அளந்து பாருங்கள். நூல் கோக்கும்போது முகத்தைக் குனிந்து 30 செ.மீ.-க்கு வந்துவிடுவோம். ட்ரைஃபோக்கல் கிட்டத்தில் காட்டுவது 40. பத்து செ.மீ. வித்தியாசம் கேட்பதற்குச் சின்னது. ஊசிக் கண்ணில் அது தெரியும். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் என்றால் சொல்லவே வேண்டாம். எட்டத்துக்கு மோனோஃபோக்கல் வைத்துக்கொண்டு, உங்கள் மிஷின் தூரத்துக்கென்று அளந்த ஒரு கண்ணாடி வாங்கினால் வேலை சுத்தமாக நடக்கும். 33 செ.மீ.-க்கு +3. கடையில் தொங்கும் ரெடிமேட் +2.50-ஐ மாட்டிக்கொண்டு தெரியவில்லை என்று லென்ஸைக் குறை சொல்லாதீர்கள். மிஷின் தலையில் ஒரு எல்.இ.டி. விளக்கையும் போடச் சொல்லுங்கள்.

மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். ட்ரைஃபோக்கலுக்கு வசதியில்லை. ஒரு கண்ணுக்கு எட்டம், ஒரு கண்ணுக்குக் கிட்டம் என்று வைக்கலாம் என்கிறார்கள். பைத்தியம் பிடித்துவிடாதா? (வாசகர், ஈரோடு)

மோனோவிஷன் என்பது அதுதான். பலருக்கு ஒத்துப்போகிறது, எல்லோருக்கும் இல்லை.

நம் இரண்டு கண்ணில் ஒன்று முதலாளி. இரண்டு கையையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே ஒரு சின்ன ஓட்டை வைத்து, அதன் வழியாக எதிர்ச் சுவரிலுள்ள காலண்டரைப் பாருங்கள். கையை அசைக்காமல் ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண்ணை மூடும்போது காலண்டர் மறைகிறதோ அதுதான் முதலாளிக் கண். அதற்கு எட்டம். புரை ஒரு கண்ணில் முற்றியிருந்தால் இந்தச் சோதனை ஏமாற்றும், அதையும் கவனத்தில் வைக்க வேண்டும்.

மறு கண்ணுக்கு மைனஸ் 1.25 அல்லது 1.5 வைப்பார்கள். 66-லிருந்து 80 செ.மீ. வரை அது நேராகத் தெளிவு. மேஜைமேல் விரித்த பேரேடு, எடை எந்திரத்தின் எண், செல்போனில் பெரிய எழுத்து எல்லாம் தேறிவிடும். மருந்துச் சீட்டின் பொடி எழுத்துக்குக் கண்ணாடி வேண்டும். அதற்கும் ஆசைப்பட்டு மைனஸ் 2.5 வரை போனால் இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்வது குறைந்து, ஆழம் மதிப்பிடுவது தட்டுப்படும். படி இறங்கும்போது கால் தேடும். தென்னை ஏறுபவர், ரம்பத்தில் வேலை செய்பவர் இந்தப் பக்கம் வரவே வேண்டாம்.

முதலாளிக் கண்ணை முதலில் செய்யச் சொல்லுங்கள். அதன் முடிவு எங்கே நின்றது என்று பார்த்துவிட்டு, இரண்டாவது கண்ணில் எவ்வளவு மைனஸ் என்று தீர்மானிக்கலாம். பிடிக்காவிட்டாலும் மோசமில்லை: இரண்டு கண்ணையும் சமன் செய்யும் ஒரு கண்ணாடி போட்டால் தீர்ந்தது. ட்ரைஃபோக்கலுக்கு அப்படி எளிதான பின்வாசல் கிடையாது.

சிலிண்டர் பவர் 1.75 இருக்கிறது. டோரிக் அவசியமா? (வாசகர், பொள்ளாச்சி)

கண்ணாடிச் சீட்டில் உள்ள சிலிண்டரை நம்பாதீர்கள். அதில் புரை லென்ஸின் பங்கும் கலந்திருக்கும். கருவிழியில் மட்டும் எவ்வளவு என்று அளந்தது முக்கியம். அது 1-க்கு மேல் தொடர்ந்து வந்தால் டோரிக் பயனுள்ளது. கண்ணாடியைத் தவிர்க்க நினைத்து ட்ரைஃபோக்கல் போடுபவருக்கு இது கட்டாயம் என்றே சொல்லலாம். டோரிக் சரியான கோணத்தில் உட்கார வேண்டும். ஒரு டிகிரி திரும்பினால் அதன் வேலையில் சுமார் 3 சதவீதம் போகும். 30 டிகிரி திரும்பினால் போட்டதும் போடாததும் ஒன்று. படுத்தால் கண் லேசாகச் சுழலும், அதனால் உட்காரவைத்தே கருவிழி ஓரத்தில் மை வைத்துக் குறிப்பார்கள். பயப்பட வேண்டாம்.

பிளேடு இல்லாத லேசர் ஆபரேஷன் என்றால் கண்ணாடி வராது என்கிறார்களே? (வாசகி, கரூர்)

லேசர் செய்வது திறப்பு போடுவதும் புரையைத் துண்டாக்குவதும்தான். கண்ணாடி வருமா வராதா என்பது உள்ளே வைக்கும் லென்ஸையும் அளவையும் பொறுத்தது. கைதேர்ந்தவர் சிறு திறப்பு போட்டு, ஒலி அதிர்வால் புரையைக் கரைத்து எடுக்கும் சாதாரண ஃபேக்கோ ஆபரேஷனும் பார்வையில் அதற்குச் சளைத்ததல்ல. பணம் மட்டாக இருந்தால் லேசரை விட்டுவிட்டு டோரிக்கில் போடுங்கள்.

எங்க அப்பாருக்கு இலவச முகாம்ல லென்ஸ் வெச்சாங்க. மட்டமான லென்ஸா இருக்குமோன்னு சொந்தக்காரங்க பேசறாங்க. (வாசகர், தாராபுரம்)

பேசட்டும். முகாமில் வைப்பது பெரும்பாலும் மோனோஃபோக்கல்; மடங்காத வகையாக இருந்தால் 6 மி.மீ. அளவுக்குத் திறப்பு போடுவார்கள், மடங்கும் வகைக்கு 3 மி.மீ.-க்கும் குறைவு. பெரிய திறப்பு ஆற இன்னும் சில நாள் ஆகும், கொஞ்சம் சிலிண்டர் வரலாம். மற்றபடி லென்ஸ் ஆயுசுக்கும் கெடாது. 1949-ல் லண்டனில் கண் டாக்டர் ஹரால்ட் ரிட்லி முதன்முதலில் கண்ணுக்குள் வைத்ததும் மடங்காத லென்ஸ் செய்யும் இதே பி.எம்.எம்.ஏ. பிளாஸ்டிக்தான். போர் விமானக் கூண்டு உடைந்து அதன் சில்லு கண்ணில் தங்கிய விமானிகளுக்கு அது ஒவ்வாமல் போகவில்லை என்று அவர் கவனித்திருந்தார். மதுரை ஆரோலேப் 1992-லிருந்து இங்கேயே லென்ஸ் செய்யத் தொடங்கிய பிறகுதான் முகாம்களில் எல்லோருக்கும் லென்ஸ் வைப்பது கைக்கெட்டியது. அப்பாருக்கு ஆறு வாரம் கழித்துப் படிக்கும் கண்ணாடி வாங்கிக் கொடுங்கள்.

ரிட்லியின் அந்த முதல் ஆபரேஷனில் பவர் கணக்கு ஏகமாகத் தவறி, அந்த அம்மாவுக்குக் கடுமையான மைனஸ் வந்துவிட்டது. இன்றும் லென்ஸ் தேர்வைவிட அளவுதான் அதிகம் சறுக்குகிற இடம். கண்ணின் நீளத்தில் ஒரு மி.மீ. பிசகினால் பார்வையில் இரண்டரை, மூன்று டயாப்டர் (பவரை அளக்கும் அலகு) போய்விடும். புரை முற்றிப்போனால் ஒளியில் அளக்கும் கருவி உள்ளே ஊடுருவாது. ஒலி அலையால் அளக்கும் ஏ-ஸ்கேனில் அளக்க வேண்டிவரும். அதன் குச்சியைக் கண்ணில் அழுத்தினால் கண் குட்டையாகப் பதிவாகி, பவர் கூடிய லென்ஸ் வந்து, மைனஸில் முடியும். முற்றட்டும் என்று காத்திருப்பது பழைய காலத்து வழக்கம்.

ட்ரைஃபோக்கல் வைத்து இரண்டு மாதம். படிக்கும்போது மெழுகுத்தாள் வழியாகப் பார்ப்பது மாதிரி இருக்கிறது. யாக் லேசர் அடித்தால் சரியாகும் என்கிறார்கள். அடிக்கலாமா? (வாசகர், கோயம்புத்தூர்)

கொஞ்சம் பொறுங்கள். லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் பை கலங்கினால் யாக் லேசரால் அதில் ஒரு சன்னல் திறப்பார்கள். அதற்கு அருமையான வைத்தியம் அது. ஆனால் மங்கலுக்குக் காரணம் பைதான் என்று உறுதியாக வேண்டும். பை ஓட்டையான பிறகு லென்ஸை மாற்ற நேர்ந்தால் அந்த ஆபரேஷன் பல மடங்கு சிக்கலாகிவிடும்.

அதற்கு முன் பார்க்க வேண்டியவை வரிசையாக இருக்கின்றன. மீதிப் பவர் எவ்வளவு? சாதாரண லென்ஸில் அரை டயாப்டர் இப்படி அப்படி நின்றால் பெரிதாகத் தெரியாது, ட்ரைஃபோக்கலில் தெரியும். சோதனைக் கண்ணாடி போட்டுப் பார்த்ததும் மெழுகுத்தாள் விலகினால் காரணம் அதுவே. கண் உலர்ந்திருக்கிறதா? இமை கொட்டியதும் ஒரு நொடி தெளிந்து மறுபடி மங்கினால் சந்தேகம் அங்கேதான். கண்ணீர்ச் சொட்டு மருந்தைச் சில வாரம் ஒழுங்காக விட்டுப் பார்க்க வேண்டும். விழித்திரையில் நீர் கோத்திருக்கிறதா என்று ஓ.சி.டி. லென்ஸ் நடுவில் உட்கார்ந்திருக்கிறதா என்று விளக்குச் சோதனை. அப்புறம் வெளிச்சம்: கூரை விளக்கின் கீழே உட்காராமல் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு மேஜை விளக்கைப் புத்தகத்தின்மேல் விழவிட்டுப் படித்துப் பாருங்கள். இவ்வளவும் சரியாக இருந்தும் பையில்தான் கலங்கல் என்றால் யாக் செய்துகொள்ளுங்கள். எல்லாம் செய்தும் ஆறு மாதத்துக்குப் பின் தாங்கவில்லை என்றால் லென்ஸையே எடுத்து மோனோஃபோக்கல் வைப்பதும் உண்டு.

வலி, சிவப்பு, திடீர்ப் பார்வைக் குறைவு மூன்றில் எது வந்தாலும் இந்த வரிசையெல்லாம் பார்க்காதீர்கள். அதுவும் ஆபரேஷன் முடிந்த முதல் சில நாட்களில் வந்தால், ஞாயிற்றுக்கிழமை ராத்திரியானாலும் அன்றைக்கே போக வேண்டும்.

ஆபரேஷனுக்கு முன் டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டியது, பின்னால் பத்திரப்படுத்த வேண்டியது என்னென்ன? (வாசகர், நாமக்கல்)

மூத்திரம் சரியாகப் போகவில்லை என்று டாம்சுலோசின் மாத்திரை எடுத்தவர்கள் அதைச் சொல்ல வேண்டும், முன்பு எடுத்து நிறுத்தியிருந்தாலும். அந்த மாத்திரையால் ஆபரேஷன் நடுவே கண்மணி சுருங்கி, அதைச் சுற்றியுள்ள திரை தொளதொளவென்று ஆடும். முன்பே தெரிந்தால் டாக்டர் தயாராக இருப்பார். ரத்தம் இளக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். காண்டாக்ட் லென்ஸ் போடுபவர் அளவெடுப்பதற்கு முன் எத்தனை நாள் கழற்றிவைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கண்ணாடியைத் தவிர்க்க முன்பு லேசிக் (கருவிழியைச் செதுக்கும் லேசர்) செய்திருந்தால் பழைய சீட்டைக் கொண்டுபோக வேண்டும், பவர் கணக்கே மாறும்.

காப்பீடு இருந்தால் புரைக்கு என்று தனி உச்சவரம்பும் காத்திருப்புக் காலமும் இருக்கிறதா என்று பாலிசியில் முதலில் பாருங்கள். ட்ரைஃபோக்கலின் கூடுதல் விலை பல பாலிசிகளில் உங்கள் கையைத்தான் கடிக்கும்.

லென்ஸ் பெட்டியில் ஸ்டிக்கர்கள் இருக்கும்: கம்பெனி, மாடல், பவர், வரிசை எண். அதில் ஒன்றை உங்கள் அட்டையில் ஒட்டிக் கொடுப்பார்கள். கொடுக்காவிட்டால் கேட்டு வாங்குங்கள். பில்லில் எழுதிய லென்ஸும் ஸ்டிக்கரில் உள்ள லென்ஸும் ஒன்றுதானா என்று அங்கேயே ஒத்துப் பாருங்கள். செல்போனில் ஒரு படம் எடுத்து மகனுக்கோ மகளுக்கோ அனுப்பிவிடுங்கள். இரண்டாவது கண்ணுக்கு வேறு ஊரில் செய்தாலும் அந்த டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.